கைபேசிவழிக் கற்றல்: எண்ணாயிரம் கல்லூரி முதல் தரவு அட்டை வரை

கைபேசிவழிக் கற்றல் என்பது, கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியின் துணையோடு வகுப்பறைக்கு வெளியிலும் பயணத்திலும் வீட்டிலும் நடைபெறும் கற்றலைக் குறிக்கும். தொலைநிலைக் கல்வியின் புதிய கிளை என்று இதனைச் சொல்வோர் உண்டு. மின்வழிக் கற்றலின் சிறிய வடிவம் என்போரும் உண்டு. இரண்டு விளக்கங்களும் கருவியையே முன்னிறுத்துகின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த பனமலை வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. ஆசிரியரை விட்டோ வீட்டை விட்டோ விலகியிருந்து படிக்கும் மாணவரின் அன்றாடச் செலவை யார் ஏற்கிறார்கள்? பல்கலைக்கழக மாணவர்களுக்கான கற்றல் சூழல்கள் தமிழகத்தில் எப்படி அமைக்கப்பட்டன, எங்கே பயன் தந்தன, எங்கே தவறின என்பதை இக்கேள்வியின் வழியாக இக்கட்டுரை பார்க்கிறது.

பனமலையும் எண்ணாயிரமும்

பனமலையைப் பலரும் அறிந்திருப்பது அதன் குன்றின் மீதுள்ள தாளகிரீசுவரர் கோயிலால். இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய கற்றளி அது. 'தாளம்' என்பது வடமொழியில் பனையைக் குறிக்கும். ஊர்ப்பெயரே இறைவன் பெயராகியிருக்கிறது. அங்குள்ள சிற்றாலயம் ஒன்றின் சுவரில் எஞ்சியிருக்கும் உமையின் ஓவியம் தமிழக ஓவிய வரலாற்றில் தவறாமல் பேசப்படுவது.

கல்வி வரலாற்றுக்கு இதே வட்டாரத்திலுள்ள இன்னோர் ஊர் முக்கியமானது. எண்ணாயிரம் என்ற அந்த ஊர் சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. அங்குள்ள அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியின் முழு அமைப்பையும் கணக்காகச் சொல்கிறது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளநிலையில் இருக்கு வேதம் 75 பேர், யசுர் வேதம் 75 பேர், வாசசனேயம் 20 பேர், சாமவேதத்தின் இரு கிளைகளுக்கு 20 பேர் வீதம் 40 பேர், அதர்வணம் 10 பேர், போதாயன சூத்திரங்கள் 10 பேர், ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் 40 பேர். ஆக 270. மேல்நிலையில் வியாகரணம் 25 பேர், பிரபாகர மீமாம்சை 35 பேர், வேதாந்தம் 10 பேர்.

கல்வெட்டில் பாடத்திட்டத்தை விடக் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட்டிருப்பது படி. இளநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. இதற்காக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. மன்னர் மாறினாலும் மழை குறைந்தாலும் மாணவரின் சோறு நிற்கக்கூடாது என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. இன்றைய புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருபுவனையில் சில பத்தாண்டுகள் கழித்து அமைந்த கல்லூரிக்கு 72 வேலி நிலம். அங்கே 260 மாணவர், 12 ஆசிரியர். பாடம் என்ன என்பதோடு யாருக்கு எவ்வளவு, எங்கிருந்து என்பதையும் சேர்த்தே அக்காலத்தவர் கற்றல் சூழல் என்று கருதியிருக்கிறார்கள்.

இதைப் பொற்காலமாகப் பார்க்க வேண்டியதில்லை. அந்த 340 இடங்களும் ஒரே வருணத்து ஆண்களுக்கானவை. எண்ணாயிரத்து வயல்களில் அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் உள்ளே வர வழியில்லை. நல்ல வடிவமைப்பும் கதவடைப்பும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

அஞ்சல் உறையும் வானொலியும்

விலகியிருந்து படிக்கும் பல்கலைக்கழக மாணவர் என்ற ஒருவர் இந்தியாவில் முறைப்படி தோன்றியது 1962-இல், தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அவ்வழியில் இறங்கின. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம் 1980-இல் அமைந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது.

அஞ்சல்வழிக் கல்வியின் கருவி காகிதக் கட்டு. அதன் சிறப்பை இன்று குறைத்து மதிப்பிடுகிறோம். மின்சாரம் வேண்டாம், பேருந்தில் படிக்கலாம், ஓரத்தில் குறிப்பெழுதலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். 'எங்கும் எப்போதும்' என்று இன்றைய செயலிகள் சொல்லிக்கொள்வதை அந்தப் பழுப்புக் காகிதப் புத்தகம் முன்பே செய்துவிட்டது. அரசு அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்துகொண்டே பட்டம் பெற்ற ஒரு தலைமுறை அதில்தான் உருவானது. ஆனால் ஐயம் கேட்க வழி குறைவு. வார இறுதியில் ஏதோ ஒரு நகரத்தில் நடக்கும் தொடர்பு வகுப்புதான் ஆசிரியரின் முகம் தெரியும் ஒரே இடம். செலவு முழுவதும் மாணவருடையது. எண்ணாயிரத்தில் நிறுவனம் மாணவருக்குப் படி அளந்தது. இங்கே மாணவர் கட்டணம் பல பல்கலைக்கழகங்களின் வருவாய்க்கு உதவியது.

ஒலி, ஒளி ஊடகங்கள் அடுத்து வந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சி 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரியில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. கல்விக்கென்றே தயாரிக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குறை இருந்தது. நேரம் ஒளிபரப்புபவருடையது. அந்த நேரத்தில் மாணவர் அங்கே இருந்தால் பாடம் உண்டு. மாடு கறக்கப் போயிருந்தால் இல்லை.

கையில் வந்த கருவி

கையடக்கக் கருவியில் படிப்பு என்னும் எண்ணம் கைபேசியை விட மூத்தது. ஆலன் கே என்ற அமெரிக்கக் கணினியறிஞர் 1972-இல் டைனாபுக் என்ற பெயரில், புத்தகம் போலத் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விவரித்து எழுதினார். கருவி அன்று உருவாகவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த மைக் ஷார்பில்ஸ் 2000-ஆம் ஆண்டில், வாழ்நாள் கற்றலுக்கான கையடக்கக் கருவிகள் எப்படி அமைய வேண்டும் என்று எழுதிய கட்டுரையைத் துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வர்.

நம் சூழலுக்கு நெருக்கமான முன்மாதிரி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் தொலைநிலை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். அவர்களிடம் கணினி இல்லை. அநேகமாக எல்லோரிடமும் சாதாரணக் கைபேசி இருந்தது. 2002 முதல் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பியது. பாடத்தை அனுப்பவில்லை. பதிவுக்குக் கடைசி நாள், தொடர்பு வகுப்பு நடக்கும் இடம், பாடக்கட்டு அனுப்பப்பட்ட செய்தி போன்றவற்றை அனுப்பியது. படிப்பு காகிதத்தில், நினைவூட்டல் கைபேசியில் என்ற அந்த எளிய பங்கீட்டை நல்ல வடிவமைப்புக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். புதிதாக எதையும் மாணவர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நடந்தது. தமிழ் மாணவருக்குக் கைபேசி படிப்புக் கருவியாக வேண்டுமானால் முதலில் அதில் தமிழ் தெரிய வேண்டும். இந்த அடிப்படை வேலை கல்வித்துறைக்கு வெளியேதான் பெரும்பாலும் நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் கைபேசியில் தமிழில் எழுத வழி செய்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் ஒரு கல்லூரி ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு இன்னொரு கணினியில் புரியாத குறிகளாகத் திறந்த காலம் ஒன்று இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் குடிசார், இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியபோது நூல் தட்டுப்பாடு பற்றி நிறையப் பேசப்பட்டது. எழுத்துருத் தடை பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

கைபேசிக் கற்றலின் மிகத் தெளிவான தமிழக எடுத்துக்காட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் நிகழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேனி மாவட்டத்தில் விடியல் என்ற தொண்டு நிறுவனமும் காமன்வெல்த் கற்றல் அமைப்பும் சேர்ந்து, 2000-களின் இறுதியில், ஆடு வளர்க்கும் மகளிருக்குக் கைபேசியில் குறுங்குரல் செய்திகளை அனுப்பின. நோய், தீவனம், வங்கிக் கடன் என ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒரு பொருள் பற்றியது. கை வேலையில் இருக்கும்போதும் காது கேட்கும். எழுதப் படிக்கத் தயங்குபவருக்கும் குரல் புரியும். கற்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் பாடத்தின் வடிவத்தைத் தீர்மானித்திருந்தார்கள்.

மடிக்கணினியிலிருந்து 2 ஜிபி வரை

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எண்ணாயிரத்துக்குப் பின் இந்த வட்டாரத்து மாணவருக்குக் கருவியே கையில் கொடுக்கப்பட்ட பெரிய நிகழ்வு அதுதான் என்றால் மிகையாகாது. இம்முறை சாதி, பால் தடையின்றி. கருவி வந்தது, இணைப்பு வரவில்லை. திரைப்படம் பார்க்கப் பயன்பட்டது என்ற கேலி பரவலாக எழுந்தது. இணைப்பும் பாடமும் இல்லாத கருவியில் வேறென்ன செய்வார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

இணைப்பு மலிந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. அதற்குள் பாடங்களும் குவிந்திருந்தன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடிஇஎல் காணொளிகளும், 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட ஸ்வயம் தளமும் அவற்றுள் முதன்மையானவை. பெரும்பாலான காணொளிகள் வகுப்பறை விரிவுரையை அப்படியே படம்பிடித்தவை. மொழி ஆங்கிலம்.

2020 மார்ச் மாத ஊரடங்கு எல்லாக் குறைகளையும் ஒரே வாரத்தில் வெளிக்காட்டியது. கல்லூரி அட்டவணை அப்படியே கைபேசிக்கு மாற்றப்பட்டது. காலை முதல் மாலை வரை மணிக்கொரு பாடம், ஒவ்வொன்றும் நேரலை. ஒரு மணி நேர நேரலைக் காணொளி அரை ஜிபிக்கு மேலும் தரவை எடுத்துக்கொள்ளும். ஒலி மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இந்த எளிய கணக்கைப் பல கல்லூரிகள் போட்டுப் பார்க்கவில்லை. சிக்னல் தேடி மாடிக்கும் ஏரிக்கரைக்கும் போன மாணவர்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது வேலைக்குப் போகும் தந்தையோடு போய்விடும். இருந்தாலும் அண்ணனுக்குப் பிறகுதான் தங்கைக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காட்டினரே.

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு செய்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், உதவித்தொகை பெறுவோர் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகளிலும் பயிலும் சுமார் 9.7 லட்சம் மாணவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசம். இதை எண்ணாயிரம் கல்வெட்டின் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு நாழி. நாளொன்றுக்கு 2 ஜிபி. படிக்கும் பிள்ளைக்கு அன்றாடப் படி அளக்க வேண்டும் என்ற அதே எண்ணம், ஆயிரம் ஆண்டு கழித்து, முன்பு கதவுக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு. சோழர் காலப் படிக்கு 45 வேலி நிலம் பின்னால் நின்றது. தரவுப் படிக்கு நான்கு மாதத் தவணை. ஏப்ரலோடு அது முடிந்தது. கொரோனா இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு மே 10 அன்று தொடங்கியது.

சூழலை அமைப்பது எப்படி

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. முதலில், தம் வகுப்பில் உள்ள மிக மலிவான கைபேசியைக் கேட்டு வாங்கி, தம் பாடத்தை அதில் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். ஏ4 தாளுக்கென அமைத்த பிடிஎஃப் கோப்பு ஐந்து அங்குலத் திரையில் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டிய பொருளாகிவிடும். அதே பாடத்தை ஒருங்குறித் தமிழில், திரை அகலத்துக்கேற்ப மடியும் உரையாகக் கொடுத்தால் அளவும் குறையும், தேடவும் முடியும், கண் தெரியாத மாணவரின் கைபேசி அதை வாசித்தும் காட்டும். தாளை மேலிருந்து படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எளிது. மூன்று மாதம் கழித்து அதைத் தேடி எடுக்க முயலும் மாணவருக்குத்தான் அதன் துன்பம் தெரியும்.

காணொளியின் நீளம் பற்றி ஆய்வே இருக்கிறது. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட முடிவு, ஆறு நிமிடங்களுக்கு உட்பட்ட காணொளிகளே மிகுதியாக முழுவதும் பார்க்கப்படுகின்றன என்பது. ஒரு மணி நேர விரிவுரையைப் பத்தாக வெட்டினால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்வியில் தொடங்கி அதன் விடையில் முடிய வேண்டும். தேனியின் குரல் செய்திகள் அப்படித்தான் இருந்தன.

பார்ப்பதை விட நினைவுகூர்வதே கற்றலை நிலைக்கச் செய்கிறது என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் சோதனை மூலம் காட்டினர். மறுபடி மறுபடி படித்தவர்களை விட, படித்ததை எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். திண்ணைப் பள்ளிகளில் முறை சொல்லி ஒப்பித்த மரபு இதன் ஒரு பாதியை அறிந்திருந்தது. கைபேசிக்கு மிகப் பொருத்தமான வேலையும் இதுதான். நாளுக்கு மூன்று கேள்விகள், சில கிலோபைட் அளவு, இரண்டாம் தலைமுறை இணைப்பிலும் போய்ச் சேரும். இதைச் செய்யும் கல்லூரிகளை விட நேரலை வருகைப் பதிவுக்குக் கைபேசியைப் பயன்படுத்திய கல்லூரிகளே மிகுதி. வருகைப் பதிவைக் கற்றல் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் கைபேசியோடு வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடினமானது பதில் சொல்வது. அஞ்சல்வழிக் கல்வி தோற்ற இடமும் இதுவே. நூறு மாணவர் கேட்கும் ஐயங்களுக்கு ஓர் ஆசிரியர் இரவெல்லாம் தட்டச்சு செய்ய முடியாது. எழுதியதைத் திருத்தி, எங்கே தவறு என்று ஒரு நிமிடக் குரல்பதிவில் சொல்வது தட்டச்சை விட விரைவு. மாணவருக்கு அது ஆசிரியரின் குரலாகவே போய்ச் சேரும். ஆனால் அந்த நேரம் ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். எண்ணாயிரத்துக் கல்வெட்டு ஆசிரியர்களுக்கும் படி வகுத்திருந்தது.

தேர்வைப் பொறுத்தவரை ஒரு தெளிவு ஏற்பட்டுள்ளது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் பாடம் இணையத்தில் நடக்கிறது; பருவத் தேர்வை மாணவர் ஒரு மையத்துக்கு நேரில் வந்து எழுதுகிறார். கைபேசியில் எது முடியும், எது முடியாது என்று பிரித்துக்கொண்டதே அதன் பலம்.

குன்றின் மேல் ஒரு பாடம்

கைபேசி வகுப்பறைக்கு மாற்றாக வரும்போது தடுமாறுகிறது. வகுப்பறை போக முடியாத இடத்துக்கு மாணவரோடு போகும்போது அதன் தகுதி தெரிகிறது. பனமலைக் குன்றில் ஏறும் வரலாற்று மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் முன்னால் இராசசிம்மனின் கற்றளி; கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர்; கிரந்தத்தில் அவன் புகழ் சொல்லும் கல்வெட்டு; மங்கிப்போன ஓவியம். இவற்றில் எதையும் விரிவுரையால் காட்டிவிட முடியாது. ஏறுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொண்ட சிறு பாடம் ஒன்று, காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் தூணும் இந்தத் தூணும் எங்கே வேறுபடுகின்றன என்று கேட்கலாம். மாணவர் பார்க்கிறார், அளக்கிறார், குரலில் தம் விடையைச் சொல்லிப் பதிகிறார். ஓவியத்தின் மேல் ஒளிவிளக்கைப் பாய்ச்சாதே என்றும் அந்தப் பாடம் சொல்ல வேண்டும். இறங்கி வந்து இணைப்பு கிடைத்ததும் பதிவு ஆசிரியருக்குப் போய்ச் சேரும்.

அப்படியே எண்ணாயிரத்துக்கும் ஒரு பாடம் அமைக்கலாம். கல்வெட்டின் கணக்கை மாணவரே கூட்டிப் பார்க்கட்டும்: 270-உம் 70-உம் சேர்ந்து 340 வருகிறதா, ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு நெல், அதற்கு எவ்வளவு நிலம். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு, தம்முடைய ஒரு மாதத் தரவுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், மதிய உணவு ஆகியவற்றையும் எழுதச் சொல்லலாம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அந்த ஆயிரத்தில் எத்தனை நாள் படி அடங்குகிறது என்பது மாணவர் தாமே கண்டுபிடிக்கக்கூடிய விடை.